நிறுவிக் கொடுப்பது விற்றவர் வேலை

கேள்வி:

தம்பி, நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். வயது 52. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் வருகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். பாதிப் பேர் சம்பளம் வாங்கியதும் கணக்குத் தீர்ப்பவர்கள். எல்லாம் கடன் எழுதும் 555 குறிப்புப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அதைக் கணினிக்கு மாற்றலாம் என்று புதிதாக ஒரு விண்டோஸ் 11 மடிக்கணினியும், 1,800 வெள்ளிக்கு ஒரு கடைக்கணக்கு மென்பொருளும் வாங்கினேன். விற்றவர் ஒரு பென் டிரைவையும் 14 பக்க ஆங்கிலக் குறிப்பையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். முதலில் டாட்நெட் 3.5 போடச் சொல்கிறது, அப்புறம் விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்று மூன்று, அப்புறம் எஸ்கியூஎல் சர்வர். ஜொகூர்பாருவில் வேலை செய்யும் மகன் வீடியோ காலில் சொல்லச் சொல்ல இரண்டு ஞாயிற்றுக்கிழமை போராடினேன். எஸ்கியூஎல் சர்வர் கடைசி வரை போய், சிவப்புக் குறி காட்டி நின்றுவிடுகிறது. விற்றவரைக் கேட்டால் 'ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுப் போடுங்கள்' என்கிறார். கணினிக் கடையில் 'ஃபார்மெட் பண்ணணும், 120 வெள்ளி' என்கிறார்கள். கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டினால் ஏறிவிடுகிறதே, இதற்கு மட்டும் ஏன் இத்தனை பாடு? எனக்குத்தான் விவரம் போதவில்லையா? ஃபார்மெட் பண்ணட்டுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். பொருள்களின் பெயரைத் தமிழில் அடிக்க எதை வாங்கிப் போட வேண்டும்?

பதில்:

அக்கா, ஃபார்மெட் பண்ண வேண்டாம். ஆன்டிவைரஸையும் நிறுத்த வேண்டாம். அவசரமான இரண்டும் இவைதான். மீதியைக் கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

ஃபார்மெட் ஏன் வேண்டாம் என்றால், உங்களுடையது புது மடிக்கணினி. அதில் இருப்பது சுத்தமான விண்டோஸ் 11. அதை அழித்துவிட்டு மறுபடி விண்டோஸ் 11 போட்டால், அதே சுத்தமான விண்டோஸ் 11தான் கிடைக்கும். டாட்நெட் 3.5 அதிலும் இருக்காது. எஸ்கியூஎல் சர்வர் அதே இடத்தில் மறுபடி விழும். 120 வெள்ளி மட்டும் கைவிட்டுப் போயிருக்கும்.

இனி, அந்தச் சிவப்புக் குறிக்கு வருவோம். உங்கள் மனசை அதிகம் நோகடித்தது அதுதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதில் உங்கள் தவறு எதுவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எஸ்கியூஎல் சர்வர் என்பது உங்கள் கணக்கைச் சேமித்து வைக்கும் தரவுத்தள மென்பொருள். அது தன் தரவை வட்டில் எழுதும்போது, அந்த வட்டு 512 பைட் அல்லது 4,096 பைட் அளவுள்ள துண்டுகளாக, அதாவது செக்டர்களாக, எழுதுகிறதா என்று பார்க்கும். இந்த இரண்டு அளவுகள்தான் அதற்குத் தெரியும். இப்போது வரும் மடிக்கணினிகளில் உள்ள என்விஎம்இ என்ற வேகமான வட்டுகள் சில 16,384 பைட் அளவைச் சொல்கின்றன. விண்டோஸ் 10 இருந்தவரை இந்த விஷயம் வெளியே தெரியாமல் மறைந்திருந்தது. விண்டோஸ் 11 வட்டு சொல்வதை அப்படியே எடுத்துக் கொடுக்கிறது. எஸ்கியூஎல் சர்வர் அதைக் கேட்டதும் எழுந்திருக்க மறுத்துவிடுகிறது. அதனால்தான் எல்லாப் படிகளும் ஒழுங்காகப் போய், கடைசிப் படியில், அதாவது ஏற்றியதை ஓட்டிப் பார்க்கும் இடத்தில், விழுகிறது. 'வெயிட் ஆன் தி டேட்டாபேஸ் எஞ்சின் ரெக்கவரி ஹேண்டில் ஃபெயில்ட்' என்று ஒரு வரி வந்திருக்கும். அதைப் படிக்கிற எந்த மனிதருக்கும் வட்டின் நினைப்பு வராது. அந்த வரி வேறு காரணங்களுக்காகவும் வரும்தான். ஆனால் புது மடிக்கணினியும் விண்டோஸ் 11ம் சேர்ந்திருந்தால் என் சந்தேகம் முதலில் இங்கேதான் போகும்.

இது மைக்ரோசாஃப்ட்டே எழுதி வைத்திருக்கிற, எல்லோருக்கும் தெரிந்த சிக்கல். தீர்வும் கூடவே இருக்கிறது. ஒரு கட்டளையைக் கொடுத்து வட்டின் அளவைப் பார்க்க வேண்டும். 4,096க்கு மேல் காட்டினால், விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்து, கணினியை மறுபடி இயக்கி, பாதியில் நிற்கும் எஸ்கியூஎல் சர்வரை முழுவதும் நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும். தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை. ஆனால் ரெஜிஸ்ட்ரியில் நீங்களோ, வீடியோ காலில் மகனோ கை வைக்க வேண்டாம். மென்பொருளை விற்றவர் வந்து செய்யட்டும். ஆன்டிவைரஸை நிறுத்து என்று அவர் சொன்னதைப் பார்த்தால், பிழைச் செய்தியைக்கூடக் கேட்காமல் சொல்லியிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

கைப்பேசியில் ஒரு தட்டு, கணினியில் 14 பக்கம், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். விண்டோஸ் வளர்ந்த காலத்தில் வட்டில் இடம் குறைவு. அதனால் எல்லா மென்பொருளுக்கும் பொதுவாகத் தேவைப்படும் துண்டுகளை ஒரே இடத்தில் போட்டு, ஆளுக்கு ஆள் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு மென்பொருள் புதிய துண்டைக் கொண்டுவந்து பழையதன் மேல் போட, பழையதை நம்பியிருந்த இன்னொன்று படுத்துக்கொள்ளும். 1990களில் கணினி பழுது பார்த்தவர்களின் பாதி வேலை இதுதான். பிறகு ஒவ்வொரு பதிப்பையும் தனித்தனியாக அருகருகே வைக்கும் ஏற்பாடு வந்தது. சண்டை நின்றது, பட்டியல் நீண்டது. டாட்நெட், விஷுவல் சி பிளஸ் பிளஸ் எல்லாம் இப்படிப்பட்ட பொதுத் துண்டுகள்தான். உங்கள் கணினியில் டாட்நெட் 4.8 இருந்தும் 3.5 கேட்கிறதே என்று மகன் குழம்பியிருப்பார். 4.8 புதியது என்றாலும் 3.5க்கு மாற்று இல்லை. இரண்டும் தனித்தனி. விஷுவல் சி பிளஸ் பிளஸ் மூன்று கேட்பதும் அதே கதை. 2015க்கு முந்தைய பதிப்புகள் ஒவ்வொன்றும் தனி. 2015 முதல் 2022 வரை எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும். கணினி 64 பிட்டாக இருந்தாலும் மென்பொருள் 32 பிட் என்றால் அதற்கு எக்ஸ்86 என்று போட்டிருப்பதுதான் வேண்டும். இந்த இடத்தில் சறுக்காதவர்கள் குறைவு.

கைப்பேசி மென்பொருள்கள் இந்தப் பழைய சுமை இல்லாமல் பிறந்தவை. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதைத் தன் மூட்டைக்குள்ளேயே கொண்டுவருகிறது, அடுத்ததன் பொருளைத் தொட அதற்கு அனுமதி கிடையாது. தரவை எங்கே வைக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில். 2000ஆம் ஆண்டு வந்தது, இலவசம், ஒவ்வொரு ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் இருக்கிறது. மொத்தத் தரவும் ஒரே கோப்பு. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். உங்களுடையது ஒரே கல்லாவும் ஒரே கணினியும் உள்ள கடை. அதன் வரவு செலவும் கடன் கணக்கும் அந்த ஒரே கோப்பில் தாராளமாக அடங்கும். எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் நல்ல சரக்குதான், இலவசமும்கூட. 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளம் 10 கிகாபைட் வரை வளரலாம், உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது நிரம்பாது. ஆனால் அது நாலைந்து கல்லாக்கள் ஒரே நேரத்தில் கணக்கெழுதும் இடத்துக்கு ஏற்றது. பெரிய கடைக்கும் சின்னக் கடைக்கும் ஒரே மென்பொருளை விற்கிற வசதிக்காக, அந்தப் பாரத்தை உங்கள் தலையில் வைத்திருக்கிறார்கள்.

அதைக்கூட விடுங்கள். அந்த 14 பக்கமும் இல்லாமலே இதைச் செய்ய முடியும். விஷுவல் சி பிளஸ் பிளஸ் துண்டுகளைத் தங்கள் மென்பொருளோடு சேர்த்துக் கொடுக்க நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் அனுமதி தருகிறது. கேள்வி எதுவும் கேட்காமல் அவை பின்னணியில் ஏறிக்கொள்ளும்படி செய்யலாம். எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸும் அப்படியே. டாட்நெட் 3.5ஐ ஒரே கட்டளையில் எழுப்பிவிடலாம். இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, இரண்டு முறை சொடுக்கினால் தானே முடிந்துவிடும் ஒரு கோப்பாகத் தருவது நிரலாளர் ஒருவரின் சில நாள் வேலை. ஏன் செய்யவில்லை? எழுதியவரின் கணினியில் இந்தத் துண்டுகள் எல்லாம் என்றைக்கோ ஏறியிருக்கும். சுத்தமான கணினியில் தன் மென்பொருளை அவர் ஒருமுறைகூட ஏற்றிப் பார்த்திருக்க மாட்டார். வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராகப் போன் பண்ணும்போது குறிப்பில் ஒவ்வொரு பக்கமாகக் கூடியிருக்கும்.

மாவு மிஷின் வாங்கினால் விற்றவர்தான் வந்து பொருத்தி, கொஞ்சம் அரிசி போட்டு அரைத்துக் காட்டிவிட்டுக் காசு வாங்குவார். பெல்ட்டையும் மோட்டாரையும் தனித்தனியாக மூட்டையில் கட்டிக் கொடுத்து, குறிப்பைப் பார்த்துப் பூட்டிக்கொள்ளுங்கள் என்றால் நீங்கள் சும்மா விடுவீர்களா? கணினி என்றதும் நம் ஆட்கள் 'எனக்குத்தான் விவரம் போதவில்லை' என்று தாங்களே ஒதுங்கிக்கொள்கிறார்கள். விற்பவர்களுக்கு அது வசதியாகப் போய்விடுகிறது.

ஆக, செய்ய வேண்டியது. விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். பேச வேண்டாம், எழுதுங்கள். 'மென்பொருள் ஓடும் நிலையில் வேண்டும் என்றுதான் பணம் கொடுத்தேன். புதிய விண்டோஸ் 11 கணினியில் எஸ்கியூஎல் சர்வர் ஏறவில்லை. வட்டின் செக்டர் அளவு காரணமாக இருக்கலாம் என்று சொல்கிறார்கள். நேரில் வந்து நிறுவி, ஒரு விற்பனை போட்டு, ரசீது எடுத்துக் காட்டவும். இன்ன தேதிக்குள் முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தரவும்.' இதோடு சிவப்புக் குறி வந்த திரையைப் படமெடுத்து அனுப்புங்கள். செக்டர் என்ற சொல்லைப் பார்த்ததும் பேச்சின் தொனி மாறும், பாருங்கள். ஏனிடெஸ்க் மாதிரி எதையாவது போட்டுத் தூரத்திலிருந்தே செய்கிறேன் என்றால் செய்யட்டும். ஆனால் நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், அந்த நேரத்தில் வங்கிப் பக்கம் எதுவும் திறந்திருக்கக் கூடாது, வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடுங்கள்.

அவர் மசியாவிட்டால்? பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். அது சொந்த உபயோகத்துக்கு, வீட்டுக்கு வாங்கிய பொருளுக்குத்தான். கடைக்கு வாங்கியதை அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே சிறு தொகைக்கு வழக்குப் போடும் முறை இருக்கிறது. அதுவரை போகாது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆன்டிவைரஸ் விஷயம். நிறுவும் கோப்பின் மேல் வலது சொடுக்குப் போட்டு, பிராப்பர்ட்டீஸ் போய், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்து, அதில் விற்ற நிறுவனத்தின் பெயரும் இருந்தால் நல்லது. அந்தப் பகுதியே இல்லை என்றால், அந்தக் கோப்பு யாரிடமிருந்து வந்தது என்பதற்குக் கணினியிடம் எந்த அத்தாட்சியும் இல்லை. விண்டோஸ் எச்சரிப்பது அதனால்தான், எச்சரிப்பதும் சரிதான். ஆன்டிவைரஸ் உண்மையிலேயே குறுக்கே வந்தால், அந்த மென்பொருள் இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். முழுவதையும் நிறுத்துவது வேறு காரியம். கடைக் கணக்கும் வங்கிக் கணக்கும் ஒரே மடிக்கணினியில் பார்ப்பீர்கள் என்றால் அதைச் செய்யவே கூடாது.

டாட்நெட் 3.5க்கு எந்தத் தளத்திலும் தேட வேண்டாம். தேடினால் பச்சைப் பொத்தானோடு பத்துப் பக்கம் வரும், எதைத் தொட்டாலும் வேண்டாதது ஏறும். பெரும்பாலான விண்டோஸ் 11 கணினிகளில் கண்ட்ரோல் பேனலுக்குள், 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' என்ற இடத்தில் அது ஒரு கட்டமாகவே இருக்கும். டிக் போட்டால் விண்டோஸே இறக்கிக்கொள்ளும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் செய்தால் நடுவில் அறுந்துபோகலாம், நல்ல வைஃபை உள்ள வீட்டில் வைத்துச் செய்யுங்கள். எஸ்கியூஎல் சர்வரை மறுபடி இறக்க வேண்டிவந்தால் 'டவுன்லோட் மீடியா' என்ற தேர்வு உண்டு. ஈப்போவில் யார் வீட்டிலாவது முழுக் கோப்பையும் பென் டிரைவில் இறக்கிக்கொண்டு வந்துவிடலாம்.

விற்றவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். டாட்நெட் 3.5 வந்தது 2007ல். அதற்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2029 ஜனவரியோடு முடிகிறது. அதற்குள் உங்கள் மென்பொருள் புதியதற்கு மாறுமா, மாறும்போது மறுபடி காசு கேட்பீர்களா? இந்தக் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் பணத்தைத் திருப்பி வாங்குவதே மேல் என்பது என் கருத்து.

திருப்பி வாங்கினால் என்ன செய்வது என்று கவலை வேண்டாம். மின்விலைப்பட்டியல் (இ-இன்வோய்ஸ்) கட்டாயம் வருகிறதே என்ற பயத்தில் இதை வாங்கியிருந்தால், 2026 தொடக்கத்திலிருந்து ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளிக்குக் குறைவான தொழில்களுக்கு விலக்கு இருக்கிறது. உங்கள் கடை அதில் வருமா என்று கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வராவிட்டாலும், உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வோய்ஸ் தளம் இலவசம். பிரவுசரில் திறக்கிறது, எதையும் நிறுவ வேண்டியதில்லை. கடன் கணக்குக்கு மட்டும்தான் வேண்டும் என்றால், எக்செலிலோ இலவசமான லிப்ரேஆஃபிஸிலோ ஆளுக்கு ஒரு பக்கம் போட்டு இன்றைக்கே தொடங்கலாம். இணையத்திலேயே ஓடும் கடைக்கணக்குச் சேவைகளும் மாதக் கட்டணத்தில் கிடைக்கின்றன. ஏற்றும் தொல்லை இல்லை. ஆனால் இணையம் போனால் கல்லாவும் போய்விடும், அதனால் இணையம் இல்லாதபோதும் ஓடுமா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

எந்த மென்பொருளாக இருந்தாலும் மாத முதல் வாரத்தில் மாறாதீர்கள். சம்பளத்தைச் சட்டப்படி 7 நாளுக்குள் போட்டாக வேண்டும் என்பதால் உங்கள் கடையில் கடன் தீர்க்கும் கூட்டமும் அப்போதுதான். மாத நடுவில் தொடங்கி, ஒரு சம்பளம் தாண்டும் வரை 555 புத்தகத்திலும் சேர்த்தே எழுதுங்கள். எஸ்கியூஎல் சர்வரில் இருக்கும் கணக்கை ஓடிக்கொண்டிருக்கும்போது சும்மா நகலெடுத்து பென் டிரைவில் போட்டால் உதவாது. முறையாக பேக்கப் எடுக்க வேண்டும். எப்படி எடுப்பது என்று கற்றுக்கொள்வதோடு நிற்காதீர்கள். எடுத்ததை வேறு ஒரு கணினியில் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

தமிழில் அடிக்க எதையும் வாங்க வேண்டாம். உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு காலத்தில் இதுவும் பெரிய பாடாகத்தான் இருந்தது. ஆளுக்கு ஓர் எழுத்துரு, ஆளுக்கு ஒரு குறியீட்டு முறை. ஒருவர் அனுப்பிய கடிதத்தைப் படிக்க அவர் வைத்திருக்கும் எழுத்துருவையே நாமும் ஏற்ற வேண்டும். நம் நாட்டுக்காரரான முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் தொடங்கிய முரசு, அப்புறம் அஞ்சல் விசைமுறை, 1999ல் சென்னை மாநாட்டில் வந்த தமிழ்99 விசைப்பலகை, எல்லா மொழிக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோட் என்று பல பேர் பல வருஷம் உழைத்ததில் அந்தத் தொல்லை தீர்ந்தது. 2019 முதல் தமிழ்99, அஞ்சல் இரண்டும் விண்டோஸிலேயே வருகின்றன. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் விசைப்பலகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கில எழுத்தில் ஒலிப்பதை அடித்துப் பழகியவர் என்றால் அஞ்சல் எளிது. மாற்றுவதற்கு விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் விசையும் சேர்த்துத் தட்ட வேண்டும்.

ஆனால் எல்லாப் பொருளையும் அடிக்கத் தொடங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு பொருளை மட்டும், உளுந்து என்று வைத்துக்கொள்வோம், தமிழில் அடித்துச் சேமியுங்கள். மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள். எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் வந்தால் அந்த மென்பொருளின் தரவுத்தளம் தமிழை ஏற்கும்படி அமைக்கப்படவில்லை என்று அர்த்தம், அதை நீங்கள் சரிசெய்ய முடியாது. திரையில் சரியாக வந்தாலும் ரசீது அச்சிடும் சின்ன இயந்திரங்கள் பலவற்றில் தமிழ் எழுத்தே இருக்காது. ரசீதைப் படமாக மாற்றி அனுப்பினால்தான் அச்சாகும். விற்றவர் வந்து நிறுவும் அன்றைக்கே அந்த உளுந்து ரசீதையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.